பின்சில்லையும் பார்க்கச் சொல்லுங்கோ

இதை வாசிக்க முதல் ஒருக்கா வெளியில் போய், காரின் பின்சில்லுக்குப் பக்கத்தில் குந்தி, ரயரின் உள்பக்க விளிம்பைத் தடவிப் பாருங்கோ. மெல்லத் தடவுங்கோ, தேய்ந்து கம்பி வெளியே வந்த ரயர் என்றால் விரலைக் கிழித்துவிடும். வெளியே நின்று பார்க்கும்போது தவாளிப்பு ஆழமாக, நல்ல ரயராகத்தான் தெரியும். உள்பக்கம் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு வழுவழுவென்று இருக்கும். யாழ்ப்பாணத்தில் ஓடுகிற ஜப்பான் கார்களில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சொந்தக்காரரைக் கேட்டால், "அலைன்மென்ட் போன மாதம்தானே செய்தனான்" என்பார். அவர் சொல்வது உண்மை. செய்தது முன்சில்லுக்கு மட்டும்.

பின்சில்லைப் பற்றிக் கேட்டால் அனேகமான கராஜ்களில் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "பின்னுக்குச் செய்ய ஒண்டும் இல்லைத் தம்பி, அது பிக்ஸ்." இந்தப் பதில் சோம்பலில் வந்ததில்லை. ஒரு காலத்தில் அது முழு உண்மையாக இருந்தது. அந்தக் காலத்துக் கார்கள் போனபிறகும் பதில் மட்டும் தங்கிவிட்டது என்பதுதான் பிரச்சினை.

எங்கட குடாநாட்டில் கார் என்றால் நெடுங்காலமாக ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் இவைதான். கலியாணத்துக்கும் இவைதான், ஆஸ்பத்திரிக்கும் இவைதான், வாடகைக்கு நின்றதும் இவைதான். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கி ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு புதுக் கார் வர வழியில்லை. எரிபொருளுக்கும் பற்றறிக்கும் உதிரிப்பாகத்துக்கும் தடை. இருந்த கார்கள் துளிப் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. 1950களில் இங்கிலாந்தில் செய்த வண்டியை 1990களில் ஒரு போல்ற் கூட வாங்க முடியாத இடத்தில் ஓடவைத்தார்கள் எங்கட மெக்கானிக்மார். அந்த வேலையை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் மரியாதை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

அந்தக் கார்கள் எல்லாவற்றிலும் பின்பக்கம் ஒரே அமைப்பு. இடது சில்லில் இருந்து வலது சில்லு வரைக்கும் ஒரே இரும்புக் கூடு, நடுவில் டிபரன்ஷல், அதைத் தாங்க இரண்டு பக்கமும் பிளேட் ஸ்பிரிங். சில்லுகள் இரண்டும் அந்தக் கூட்டின் இரு நுனியிலும் செங்குத்தாகப் பூட்டப்பட்டவை. கார் ஏறினாலும் இறங்கினாலும், ஆள் ஏறினாலும் மூட்டை ஏறினாலும், சமதரையில் நிற்கும்வரை சில்லு சரியாது. அக்சில் கூடே வளைந்தால் ஒழிய அதில் திருத்த ஒன்றும் இல்லை. அதனால்தான் "பிக்ஸ்".

ஆனால் கெட்டிக்காரப் பழைய மெக்கானிக்மார் பின்பக்கத்தைப் பார்க்காமல் விட்டதில்லை. இதை இப்போது பலர் மறந்துவிட்டார்கள். பிளேட்டுகளை ஒன்றாகக் கோத்துப் பிடிக்கிற நடுப்போல்ற்றின் தலை அக்சில் கட்டையில் இருக்கிற துளைக்குள் போய் உட்காரும். ஸ்பிரிங்கை அக்சிலோடு இறுக்கிப் பிடிக்கிற யூ போல்ற் இளகினால் அந்தத் தலையில் முழுப் பாரமும் விழுந்து அது வெட்டுப்படும். உடனே அக்சிலின் ஒரு பக்கம் அரை அங்குலமோ ஒரு அங்குலமோ பின்னுக்குப் போகும். கார் அதன்பிறகு நண்டு நடை. பின்னால் வருகிறவருக்கு நாலு சில்லும் தனித்தனியாகத் தெரியும். இதைப் பிடிக்க ஒரு கயிறு போதும். முன்சில்லின் நடுவில் இருந்து பின்சில்லின் நடு வரைக்கும் இரண்டு பக்கமும் அளந்து பார்ப்பார்கள். ஏ 40 டெவனுக்கும் சோமசெற்றுக்கும் அது 92.5 அங்குலம், மொறிஸ் மைனருக்கு 86 அங்குலம். அந்தக் கணக்குத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, இடமும் வலமும் ஒன்றாக இருந்தால் சரி. பின் அக்சில் நேர் என்று உறுதியான பிறகுதான் முன்னால் கை வைப்பார்கள். இந்த ஒழுங்குதான் நான் இந்தப் பதிவில் சொல்லவருகிற முழு விஷயமும். முதல் பின், பிறகு முன். இன்றைக்கு லேசர் மெஷினும் கமராவும் வைத்து நாலு சில்லையும் பார்க்கிற இடங்களில் செய்வதும் இதே ஒழுங்குதான்.

அந்தக் காலத்திலேயே ஒரு கார் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காமல் நின்றது. வொக்ஸ்வேகன் பீற்றில். அதன் கியர்பொக்ஸ் பின்னால், அதில் இருந்து இரண்டு பக்கமும் இரண்டு குழாய்கள், குழாயின் நுனியில் சில்லு. குழாய் மடிவது உள்பக்கம், கியர்பொக்ஸ் ஓரத்தில் மட்டும். ஆகவே கார் மேலெழும்பினால் சில்லின் அடிப்பகுதி உள்ளுக்கு மடியும், கார் தாழ்ந்தால் அடிப்பகுதி வெளியே விரியும். ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கிய பீற்றிலைப் பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை. வளைவில் வேகமாகப் போகையில் இதே மடிப்புச் சில்லுக்கு வந்தால் ரயர் விளிம்பில் நின்று கார் கவிழப் பார்க்கும். அமெரிக்காவில் 1960ஆம் ஆண்டு மொடலாக வந்த செவர்லே கோர்வயரும் இதே மாதிரிப் பின்பக்கம்தான். 1965இல் ரால்ஃப் நேடர் கார்களின் பாதுகாப்பின்மை பற்றி எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே அந்தக் காரைப் பற்றியது. பின்சில்லின் சரிவு ரயர்ச் செலவோடு மட்டும் நிற்கிற விஷயமில்லை, உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதை உலகம் அப்போதுதான் சத்தமாகக் கதைக்கத் தொடங்கியது.

சரிவு என்று நான் சொல்வதுதான் கேம்பர். காருக்கு நேர் பின்னால் நின்று பாருங்கோ. சில்லின் மேல்பக்கம் காருக்குள் சாய்ந்திருந்தால் நெகற்றிவ், வெளியே சாய்ந்திருந்தால் பொசிற்றிவ். அளவு பாகையில். சரிந்த ரயர் தரையில் உருளும்போது ஒரு புனலைப் படுக்கவைத்து உருட்டினது போலத் தான் சாய்ந்த பக்கமாக வட்டமடிக்கப் பார்க்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு சரிவு இருந்தால் ஒன்றை ஒன்று இழுத்துச் சமனாகிவிடும். கார் நேராகத்தான் போகும், ஆனால் பாரம் முழுக்க உள்விளிம்பில் விழுந்து அந்த இடம் தேயும். ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் இழுவையும் சேரும்.

அப்ப கம்பனிக்காரன் ஏன் நேராக வைத்துச் செய்யவில்லை என்று கேட்பீர்கள். வளைவில் கார் வெளிப்பக்கம் சாயும்போது வெளிச்சில்லும் சேர்ந்து வெளியே சரியும். முன்கூட்டியே கொஞ்சம் உள்ளுக்குச் சாய்த்து வைத்தால் அந்த நேரத்தில் ரயர் தரையோடு முழுதாகப் படியும். அதற்காகத்தான் இப்போதைய சின்னக் கார்களின் பின்சில்லில் ஒரு பாகை, ஒன்றரைப் பாகை நெகற்றிவ் பிறக்கும்போதே இருக்கும். அது பிழையில்லை. அந்த அளவு மட்டும் ரயரைத் தின்றுவிடாது. தின்பது வேறொன்று.

அதுதான் டோ. காரை மேலே இருந்து பார்த்தால் சில்லின் மூக்கு உள்ளுக்கா வெளியேயா நோக்குகிறது என்பது. மூக்கு உள்ளுக்கு என்றால் டோ இன், வெளியே என்றால் டோ அவுட். கேம்பர் பிழையில் ரயர் சரிந்தபடி உருளுகிறது, ஆனாலும் உருளத்தான் செய்கிறது. டோ பிழையில் அது உருண்டுகொண்டே பக்கவாட்டில் இழுபடுகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சில்லு கால் பாகை கோணலாக நிற்கிறது என்றால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் கிட்டத்தட்ட நாலரை மீற்றர் பக்கவாட்டில் அரைபடும். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு 400 கிலோமீற்றர் அளவு. ஒரு பயணம் போய்ச் சேருவதற்குள் அந்த ரயரை ஒன்றே முக்கால் கிலோமீற்றர் தூரம் தாரில் தேய்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். இதோடு நெகற்றிவ் கேம்பரும் இருந்தால், அரைபடுகிற வேலை முழுக்க உள்விளிம்பில் நடக்கும். நீங்கள் தொடக்கத்தில் தடவிப் பார்த்த மொட்டை அப்படி வந்ததுதான். உள்விளிம்பு தேய்ந்திருந்தால் எல்லாரும் கேம்பரைக் குற்றம் சொல்லுவினம். என் அனுபவத்தில் முதல் சந்தேகம் டோவின்மேல் விழவேண்டும்.

இப்போது எங்கட றோட்டில் கூடுதலாக ஓடுவது எவை? விற்ஸ், அக்குவா, அக்சியோ, ஹொண்டா பிற். இவற்றின் முன்சில்லால் இழுக்கிற சாதாரண வகைகள் எல்லாவற்றிலும் பின்னால் டோர்ஷன் பீம். இரண்டு பக்கமும் பின்னோக்கி நீளுகிற இரண்டு கைகள், அவற்றை இணைக்கிற ஒரு குறுக்குப் பீம். ஒரு சில்லு கிடங்கில் இறங்கினால் பீம் முறுகி இடம் கொடுக்கும், மற்றச் சில்லு அவ்வளவாக அசையாது. 1974இல் வந்த கோல்ஃப் காரில் இந்த முறையைப் பரப்பியது, பீற்றிலைச் செய்த அதே வொக்ஸ்வேகன் கம்பனிதான். மலிவு, பாரம் குறைவு, இடமும் மிச்சம். அதோடு சில்லுச் சரிவும் அளவோடு நிற்கும்.

பார்த்தால் பழைய அக்சில் மாதிரித்தான் இருக்கும், திருக ஒரு போல்ற்றும் இல்லை. ஆகவே அதே பதில்: பிக்ஸ். இங்கேதான் நான் முரண்படுகிறேன். திருத்த வழியில்லை என்பது வேறு, பிழைக்க வழியில்லை என்பது வேறு. நடைபாதைக் கல்லில் பக்கவாட்டாக ஒரு இடி, மூடி இல்லாத வாய்க்காலில் ஒரு விழுகை, அவ்வளவுதான், பீமின் கை அரைப் பாகை திரும்பிவிடும். பீமைக் காரின் உடம்போடு பிடிக்கிற இரண்டு பெரிய றபர் புஷ் கிழிந்தால் முழுப் பீமும் ஒரு பக்கமாகத் திரும்பும். பெயரிங் ஆடினாலும் சில்லு சரியும். ஒவ்வொரு சில்லையும் தனித்தனிக் கைகள் பிடிக்கிற மல்ரிலிங்க் அல்லது டபிள் விஷ்போன் பின்பக்கம் உள்ள கார்கள், உதாரணத்துக்கு 2015இல் வந்த நாலாம் தலைமுறைப் பிரியஸ், தொண்ணூறுகளின் ஹொண்டா சிவிக், இவற்றில் டோவைத் திருத்த வழி வைத்தே செய்திருக்கிறார்கள். அங்கே பின்பக்கத்தைப் பார்க்காமல் விடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

பின்சில்லுகள் இரண்டும் சேர்ந்து காட்டுகிற திசை காரின் நடுக்கோட்டோடு ஒத்துப்போக வேண்டும். இடது பின்சில்லு மட்டும் 0.3 பாகை உள்ளுக்கு நோக்கி, வலது நேராக நின்றால், பின்பக்கம் முழுக்க 0.15 பாகை வலது பக்கமாகத் தள்ளும். தள்ளுகோணம் என்று வைத்துக்கொள்ளுங்கோ, அலைன்மென்ட் துண்டில் திரஸ்ட் அங்கிள் என்று இருக்கும். கார் இடது பக்கம் திரும்பப் பார்க்கும். நீங்கள் அறியாமலே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலதுக்குப் பிடித்துக்கொண்டு போவீர்கள். முன்சில்லை மட்டும் எத்தனை தரம் சரிசெய்தாலும் ஸ்டியரிங் கோணல் போகாது, ஏனென்றால் கோணல் முன்னால் இல்லை.

இந்தக் கட்டத்தில் சில இடங்களில் ஒரு வேலை செய்கிறார்கள். அது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. ஸ்டியரிங் வீலைக் கழற்றி, ஒரு பல் தள்ளி, நேராகப் பூட்டித் தந்துவிடுகிறார்கள். வாடிக்கையாளருக்கு ஸ்டியரிங் நேராகத் தெரியும், சந்தோஷமாகக் காசைக் கொடுத்துவிட்டுப் போவார். பின்சில்லு அதே கோணலில் ரயரைத் தேய்த்துக்கொண்டுதான் இருக்கும். சறுக்கும்போது காரை நிலைப்படுத்துகிற கருவி உள்ள வண்டிகளில் ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கு என்று சொல்ல ஒரு சென்சர் இருக்கு. வீலை இப்படித் தள்ளிப் பூட்டினால் அதன் கணக்கும் கையிருக்கிற நிலையும் ஒத்துப்போகாது. உங்களுக்கு யாராவது இப்படிச் செய்ய வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கோ.

மெஷின் இருக்கிற இடத்துக்குப் போக முதல் வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். சமமான சீமெந்துத் தரை, நல்ல நூல், மேசன்மார் பிடிக்கிற தூக்குக்குண்டு, மில்லிமீற்றர் அடிமட்டம், இவ்வளவும் போதும். நாலு ரயருக்கும் காற்றைச் சரியாக்கி, காரைக் கொஞ்சத் தூரம் முன்னுக்கு உருட்டி நிறுத்துங்கோ. பின்னுக்கு உருட்டி நிறுத்தினால் புஷ் எல்லாம் மறுபக்கம் இழுபட்டு அளவு மாறும். தூக்குக்குண்டைப் பின்சில்லுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, றிம்மின் மேல்விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள தூரத்தையும் கீழ்விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள தூரத்தையும் அளவுங்கோ. இரண்டு விளிம்புக்கும் இடையில் 14 அங்குலம் என்றால் 6 மில்லிமீற்றர் வித்தியாசம் ஒரு பாகை. ஆள் ஏறாத காரில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு வரவேண்டும். இடது 6, வலது 12 என்று வந்தால் ஒரு பக்கம் ஏதோ வளைந்திருக்கு, அல்லது பெயரிங் போயிருக்கு.

டோ பார்க்க இரண்டு பக்கமும் சில்லின் நடு உயரத்தில் காரின் நீளத்துக்கு நூல் கட்டவேண்டும். இரண்டு நூலுக்கும் இடையே முன்னாலும் பின்னாலும் ஒரே அகலம் இருக்கவேண்டும். காரின் நடுவில் இருந்து இரண்டும் ஒரே தூரத்தில் நிற்கவும் வேண்டும். இதைச் சரியாக்கத்தான் நேரம் எடுக்கும், அவசரப்படாதேங்கோ. பிறகு பின்றிம்மின் முன்விளிம்பில் இருந்து நூலுக்கும் பின்விளிம்பில் இருந்து நூலுக்கும் அளவுங்கோ. 14 அங்குலத்தில் ஒன்றரை மில்லிமீற்றர் வித்தியாசம் கால் பாகை. முன்விளிம்பு நூலில் இருந்து கூடத் தள்ளி நின்றால் டோ இன். கொஞ்சம் டோ இன் பின்சில்லுக்கு நல்லது, கார் நேராக நிலைத்து ஓடும். டோ அவுட் வந்தால் தாமதிக்காதேங்கோ. பின்பக்கம் ஆடும், ஈர றோட்டில் பிறேக் பிடிக்கும்போது பின் முன்னுக்கு வரப் பார்க்கும்.

எங்கட மண்ணுக்கு என்று இரண்டு கரைச்சல் இருக்கு. ஒன்று உப்பு. பண்ணைப் பாலத்தால் வேலணை, புங்குடுதீவுப் பக்கம் அடிக்கடி போய்வருகிற கார்களின் அடிப்பக்கத்தைப் பாருங்கோ. கடற்காற்றும் தெறிக்கிற உப்புநீரும் டோ திருத்துகிற போல்ற்றைப் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டவைத்துவிடும். பிறகு அதைத் திருப்பவே முடியாது, வெட்டி எடுத்துப் புதிது போடவேண்டும். தீவுப் பக்கம் ஓடுகிறவர்கள் காரைக் கழுவும்போது அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணியில் கழுவி, அந்த மரைகளுக்குக் கிறீஸ் பூசிவைத்தால் பின்னுக்கு வேலை வரும்போது காசு மிஞ்சும்.

மற்றது றோட்டு. சண்டை முடிந்தபிறகு ஏ9 காப்பெற் றோட்டானது, 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலமும் திறந்து பூநகரிப் பாதையும் வந்தது. முந்தி மெதுவாக உருண்ட காலத்தில் தெரியாத கோணல் இப்போது 70இல் ஓடும்போது தெரிகிறது. ஆனால் அதே கார் அன்றைக்கே வீட்டுக்கு வரும்போது ஒழுங்கையில் கிடங்கிலும் மதகு விளிம்பிலும் இடிபடுகிறது. இரண்டும் ஒரே காருக்குத்தான்.

பீம் வளைந்தால் என்ன செய்வது? வழி மூன்று. சில்லுக் கூட்டுக்கும் பீமுக்கும் இடையே ஆப்பு வடிவச் சிம் வைத்து அரைப் பாகை, ஒரு பாகை திருத்தலாம். அளந்து, சரியான கோணத்துக்குச் செய்த சிம்தான் வைக்கவேண்டும், தகரம் வெட்டி வைப்பது சில்லோடு விளையாடுவது. இரண்டாவது, புஷ் கிழிந்திருந்தால் புஷ்ஷை மாற்றுவது. இதை முதலில் பாருங்கோ, பலதரம் இதுவே போதும். மூன்றாவது, பாவித்த நல்ல பீமைத் தேடி மாற்றுவது. காஸ் போட்டுச் சூடாக்கி நிமிர்த்தித் தருகிறோம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பீம் முறுகித் திரும்புவதற்கென்றே செய்த இரும்பு, அதுதான் அதன் ஸ்பிரிங் வேலையில் ஒரு பங்கைச் செய்கிறது. சூடாக்கினால் அந்தக் குணம் போய்விடும், பிறகு எங்கே வெடிக்கும் என்று ஒருவராலும் சொல்லமுடியாது. பிளேட் ஸ்பிரிங்கைப் பட்டறையில் பழுக்கவைத்துத் திரும்பத் துவைச்சல் ஏற்றின காலத்தின் நம்பிக்கையில் இதைச் செய்கிறார்கள். அந்த வேலையும் இந்த வேலையும் ஒன்றில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில்தான் சொந்தப் பாவனைக் கார்களுக்குத் திறந்தது. அந்த இடைவெளியில் எங்கட ஆக்கள் பத்து வருஷம், பதினைந்து வருஷக் கார்களைத் திரும்பவும் பொத்திப் பொத்தி ஓடினார்கள். இன்றும் அனேகம் பேரிடம் அதே கார்கள்தான். புஷ்களின் வயதும் அதேதான். ஆகவே அடுத்த தரம் அலைன்மென்டுக்குப் போகும்போது நாலு சில்லுக்கும் பார்க்கிற இடத்துக்குப் போய், "அண்ணை, முதல் பின்னுக்குப் பாருங்கோ, பிரின்ற் தாங்கோ" என்று கேளுங்கோ. துண்டில் மூன்று இலக்கம் பார்த்தால் போதும். பின் இடது டோ, பின் வலது டோ, திரஸ்ட் அங்கிள். கடைசி இலக்கம் பூச்சியத்துக்குக் கிட்ட நிற்கவேண்டும். நிற்காவிட்டால் முன்னுக்குக் கை வைக்க விடாமல், ஏன் என்று கேளுங்கோ.

கோணல் திருத்தினாலும் மொட்டையான ரயர் திரும்ப முளைக்காது. உள்விளிம்பில் தவாளிப்பு 1.6 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால் மாரி தொடங்க முதல், ஒக்டோபருக்குள், அந்தச் சோடியைக் கழற்றிவிடுங்கோ. இரண்டு புது ரயர்தான் வாங்கக் காசு இருக்கு என்றால், முன்சில்லு இழுக்கிற காராக இருந்தாலும் புதிதைப் பின்னுக்கே போடுங்கோ. தண்ணி தேங்கின றோட்டில் முன் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும், காலை எடுத்து வேகத்தைக் குறைக்கலாம். பின் வழுக்கினால் அதற்கு நேரம் கிடைப்பதில்லை.